கணக்கப்பிள்ளையின் வலது தோள்

அத்தியாயம் ஒன்பது

"கை எழும்பாது" என்றார் டாக்டர் சேதுபதி. "எலும்பே சொல்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தது. கொல்லையில் டைனமோ ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்தது. மருந்துத் தண்ணீரின் நெடி. காரைக்குடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த முற்பகலில் அந்த அறைக்குள் மட்டும் பொழுது என்ற ஒன்று இல்லை.

துப்பறியும் செம்மலை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கப்பிள்ளை குருநாதனின் தோள் வலி வேஷம் என்று சொன்னவன் அவன். தோளைப் படம் எடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று இன்ஸ்பெக்டரிடம் மன்றாடியவனும் அவன்தான். நேற்று படம் எடுத்தார்கள். இன்று எலும்பு கணக்கப்பிள்ளையின் பக்கம் பேசுகிறது.

"அண்ணே" என்றான் உதவியாளன் முத்தப்பன் மெதுவாக. "நாம துப்பறிய வந்தமா, அந்தச் சமையல்காரம்மா கழுத்துக்குக் கயிறு திரிக்க வந்தமா?"

கேள்வி சரியானது.

அமராவதிபுதூரில் கண்ணம்மை ஆச்சியின் வீடு. தேர்த் திருவிழாவன்று வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஆச்சி, சமையல்காரி மலையம்மாள், கணக்கப்பிள்ளை குருநாதன். வாசலும் கொல்லையும் உள்ளே தாழிட்டிருந்தன. தேர் நிலைக்கு வந்து சனம் திரும்பியபோது ஆச்சியைக் காணவில்லை. வெள்ளிச் சாமான் அறையின் கதவைத் திறந்ததும் கதவோடு சாய்ந்திருந்த உடல் வெளியே சரிந்தது. ஜன்னல் இல்லாத அறை. சித்திரை வெயில். ஆச்சியின் விரல் முட்டிகளில் தோல் இல்லை.

சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில் இருந்தது. ஆகவே வெளியிலிருந்து கதவைப் பூட்டியிருக்க முடியாது. மேல்தாழைத்தான் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கை எட்டக்கூடாது என்று ஆளுயரத்துக்கும் மேலே வைத்த தாழ். மேலே தள்ளி ஒரு திருகு திருக வேண்டும். கம்பால் தள்ளலாம், திருக முடியாது. முக்காலி போட்டு ஏறலாம் என்றால், அறைவாசல் செங்குத்தான மூன்று படிகளுக்கு மேலே இருக்கிறது. கடைசிப் படியில் பாதம் வைக்கவே இடம் போதாது. முக்காலி எங்கே நிற்கும்?

கையை நன்றாக மேலே தூக்கக்கூடியவர்தான் அந்தத் தாழைப் போட்டிருக்க வேண்டும். மலையம்மாள் நெடிய பெண். குருநாதனுக்கு இரண்டு கையும் தோளுக்கு மேல் எழும்பாது. வலது தோள் மோசம், இடதும் அதன் வழியே போய்விட்டது என்பது அவர் வாக்குமூலம். அதனால் இன்ஸ்பெக்டர் நேற்று மலையம்மாளைப் பிடித்து அடைத்துவிட்டார். இன்று பிற்பகல் பஸ்ஸில் அவளைச் சிவகங்கை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புகிறார்.

"கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், டாக்டர்" என்றான் செம்மலை.

டாக்டர் ஒரு பென்சிலை எடுத்துப் படத்தில் வைத்தார். "இது தோள்பட்டை எலும்பின் நுனி. மூட்டுக்கு மேலே கூரை மாதிரி நிற்கும். சிலருக்குத் தட்டையாக இருக்கும். சிலருக்கு லேசான வளைவு. இவருக்குப் பாருங்கள், கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படித்தான். கூரைக்கும் மூட்டுக்கும் நடுவில் தசைநார் ஓடுகிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது இந்த மூக்கில் உரசும். உரசி உரசி நைந்துபோகும்."

"வாசல் தாழ்வான வீட்டுல குனியாம நுழையிறவன் மண்டை மாதிரி" என்றான் முத்தப்பன்.

"அதேதான்."

"எத்தனை பேருக்கு இப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான் செம்மலை.

"ரங்கூனில் இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். தோள் வலி என்று வருகிறவர்களுக்குப் படம் எடுத்தால் பாதிப் பேருக்கு இந்த மூக்கு இருக்கும்."

"வலி இல்லாதவர்களுக்கு?"

"என்ன?"

"தோள் வலி இல்லாதவர்களைப் படம் எடுத்திருக்கிறீர்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வலி இல்லாதவன் என்னிடம் எதற்கய்யா வருகிறான்?"

செம்மலை சிரிக்கவில்லை. "அப்படியானால் வலி இல்லாதவனுக்கு எலும்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது."

டைனமோ ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பென்சிலை மேஜைமேல் வைத்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்தைவிடப் பெரிய ஒன்று அவர் முகத்தில் வந்திருந்தது.

"வலி இல்லாத ஆள் ஒருவன் இருக்கிறான்" என்றான் செம்மலை.

முத்தப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

"என்னையவா?"

"சட்டையைக் கழற்று."

"அண்ணே, அந்த மிஷினு உடம்புக்குள்ள இருக்கிறதையெல்லாம் காட்டுமாம்ல. காலையில ஆப்பக் கடையில எத்தனை தின்னேன்னு தெரிஞ்சுபோயிரும்."

"தோளை மட்டும்தான் எடுப்பார்."

"தோள் வரைக்கும் இருக்குண்ணே, நான் தின்னது."

முத்தப்பன் முன்பு நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்தது. முடி மட்டும் மிச்சம். அதைக் குடுமியாக அள்ளி ஒரு கொண்டை ஊசியும் செருகியிருந்தான். இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்று டாக்டர் ஊசியை வாங்கி வைத்தார். அவிழ்ந்த முடி முதுகில் இறங்கியது. அவன் பலகைமேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மிஷின் உறுமியது.

டாக்டர் படத்தை மருந்துத் தண்ணீரில் அலசினார். ஈரம் சொட்டச் சொட்ட எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தவர், கீழே வைத்துவிட்டு, குருநாதனின் படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி ஈரப் படத்தைப் பார்த்தார்.

"மாறிவிட்டதோ என்று நினைத்தேன்" என்றார். "மாறவில்லை."

"என்ன இருக்கிறது?"

"மூக்குதான். கணக்கப்பிள்ளைக்கு இருப்பதைவிடப் பெரிய மூக்கு." முத்தப்பனைப் பார்த்தார். "கையைத் தூக்கு."

முத்தப்பன் இரண்டு கையையும் உச்சிக்கு மேலே தூக்கினான்.

"வலிக்கிறதா?"

"எதுக்குங்க வலிக்கணும்? தினைப்புனம் காக்கிற வேஷம் கட்டி, ராத்திரி முச்சூடும் ஆலோலம் பாடிக் கவண் சுத்துனவன் நானு. சுத்துன சுத்துல முன்வரிசையில குந்தியிருந்த மிராசுதாரு தலைப்பாகை போச்சு. என் தோளு அசையல."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் எழுதி வைத்திருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்து, எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"எலும்பு இப்படி வளைந்திருப்பவருக்கு வலி வரக்கூடும். வராமலும் இருக்கக்கூடும். இவர் கை எழும்புமா எழும்பாதா என்பதை எலும்பை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது."

"நன்றி" என்றான் செம்மலை.

"நன்றி எனக்கு வேண்டாம். வலி இல்லாத நாலு பேரை இனிமேல் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். எங்கே போவேன்?"

செம்மலை சீட்டை மடித்துப் பையில் வைத்தான். அவன் முகம் தெளியவில்லை. முதல் சர்ட்டிபிகேட் போயிருந்தால் மலையம்மாளை நிரந்தரமாக உள்ளே தள்ளியிருக்கும். இது அவளை வெளியே கொண்டுவராது. கை எழும்பாது என்று குருநாதன் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாயிற்று. தெருவே கூடுகிற மாதிரி குருநாதன் அலறினார். வலி இல்லை என்று அடுத்தவன் எப்படி நிரூபிப்பது? வலி அந்த ஆளுக்குள் இருக்கிறது. அதற்கு வாசல் இல்லை.

"அண்ணே, எனக்கும் வலி வருமாண்ணே? பெரிய மூக்குங்கிறாக."

"வந்தால் பார்க்கலாம்."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளே." முத்தப்பன் கண்ணாடிக் கதவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடியை அள்ளினான். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு.

செம்மலை நிமிர்ந்தான்.

"முத்தப்பா. அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை கட்டு."

"என்னத்த?"

"குடுமியை."

முத்தப்பன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவிழ்த்தான், கட்டினான். செம்மலை அவன் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குருநாதன் குடுமியை யார் கட்டிவிடுகிறார்கள்?"

"சம்சாரம் பொறந்த ஊருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சுன்னு சொன்னாகளே." முத்தப்பனின் கை குடுமியிலேயே நின்றது. "அண்ணே, நேத்து அந்தாளு குடுமி எண்ணெய் தேச்சு வழவழன்னு இருந்துச்சு. நம்ம கம்பெனிக் கட்டு தோத்துப்போகும்."

"கேட்டால் நாவிதர் கட்டினார் என்பார்."

"அப்ப?"

"கேட்கக் கூடாது."

*

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கிராப்புத் தலை, பெரிய வயிறு, நியாயமான மனிதர்தான். சீட்டைப் படித்துவிட்டு அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, வரலாம், வராமலும் இருக்கலாம். இதைப் போய்க் கோர்ட்டில் வைக்கவா?"

"நீங்கள் வைக்காவிட்டால் எதிர்க்கட்சி வக்கீல் வைப்பார். உங்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வார்."

இன்ஸ்பெக்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அந்தப் பொம்பளையே ஒத்துக்கிறாளே. போய்க் கேளுங்க."

மலையம்மாள் கம்பிக்கு அப்பால் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். செம்மலையைப் பார்த்து எழுந்து நின்றாள். நின்றபோது கம்பிக் கதவின் மேல்சட்டம்வரை தலை வந்தது.

"சத்தம் கேட்டதாகச் சொன்னீர்களாமே."

"கேட்டுச்சுங்க. நான் மாவு இடிச்சுக்கிட்டிருந்தேன். அந்த வீட்டுல நான் ஒண்ணு இடிச்சா நடுமுத்தத்து வளவு ஒண்ணு திருப்பி இடிக்குங்க. அம்புட்டுப் பெரிய வீடு, ஆளு இல்லாத நேரம். அந்தச் சத்தம்னு நெனச்சேன்."

"இடிப்பதை நிறுத்தியபோது?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சலிக்கிறப்பவும் ஒண்ணு ரெண்டு கேட்டுச்சு. மாடப்புறாவுன்னு நெனச்சேன்."

"அதை ஏன் போலீசில் சொன்னீர்கள்? அதனால்தான் உங்களைப் பிடித்தார்கள்."

"கேட்டாக, சொன்னேன். பொய்யா சொல்ல?" மலையம்மாளின் குரல் உயரவில்லை. "நீங்க அலையாதீக, தம்பி. எம்மகன் மனசு கேக்காம உங்களைக் கூட்டியாந்துட்டான். என்னைக் கொண்டுபோகட்டும். கேட்டவ நான்தானே. நாலு எட்டு வச்சுப் போயிப் பாத்திருந்தா…"

முடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அவள் இருந்த அறைக்கும் ஆச்சி இருந்த அறைக்கும் ஒரு வித்தியாசம்தான். இவள் கதவைத் தட்டவில்லை.

செம்மலை இன்ஸ்பெக்டரின் மேஜைக்குத் திரும்பினான். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. ஒரே ஒரு சோதனை. அந்த அறையில். நீங்களும் வர வேண்டும்."

"பலிக்கலேன்னா?"

"இந்தச் சீட்டை உங்கள் கண் முன்னால் கிழித்துவிடுகிறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

*

குருநாதன் ஆச்சி வீட்டு வளவில் ஒரு தூணோரம் நின்றிருந்தார். ஐம்பது வயது. பட்டை பட்டையாகத் திருநீறு. வலது கையைத் துண்டில் தொட்டில் மாதிரி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குடுமி கறுகறுவென்று எண்ணெயில் மின்னியது.

"வாங்க ஐயா. இன்னும் என்ன பாக்கி? படம் எடுத்தாச்சு, டாக்டரு பாத்தாச்சு. இனி தோளை அறுத்துத்தான் பாக்கணும்."

"அறுக்க வேணாம்ணே" என்றான் முத்தப்பன். "உங்க எலும்பும் என் எலும்பும் ஒரே அச்சாம். இனிமே நாம பங்காளிக."

குருநாதனுக்கு அது புரியவில்லை. செம்மலை குறுக்கே வந்தான்.

"ஆச்சி தட்டிய சத்தம் அடுப்படிக்குக் கேட்குமா என்று பார்க்க வேண்டும். அறையில் எந்தச் சாமான் எங்கே இருந்தது என்று தெரிந்தவர் நீங்கள்தான். கொஞ்சம் உள்ளே வாருங்கள். முத்தப்பன் வெளியே நின்று தாழ் போடுவான்."

குருநாதன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

மூன்று படி ஏறி நுழைய வேண்டிய வாசல். நிலையிலிருந்து ஒட்டடை நீளமாகத் தொங்கியது. குருநாதன் குனிந்தபோது முத்தப்பன் பின்னாலிருந்து, "அண்ணே, இருங்க இருங்க, தலையெல்லாம் ஒட்டடை" என்று தட்டிவிட்டான். பத்து வருஷம் மேடையில் சடையும் கொண்டையுமாகப் பழகிய விரல்கள். ஒட்டடை போனது. முடிச்சும் நெகிழ்ந்து, முடி பிடரியில் சரிந்தது.

குருநாதனின் இடது கை அரை அங்குலம் அசைந்தது. நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அடடா, அவுந்துபோச்சே. கட்டிவிடவாண்ணே?"

"வேணாம்" என்றார் குருநாதன். "நாவிதன் வருவான்."

மூவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. மேலே இரும்பு உரசித் திருகும் சத்தம் கேட்டது.

செம்மலையின் கையில் டார்ச் விளக்கு இருந்தது. வெளிச்சத்தில் பித்தளை அண்டாக்கள், அடுக்கடுக்காக எனாமல் தூக்குகள், துணி சுற்றிய வெள்ளிப் பாத்திரங்கள். கதவின் உட்புறத்தில் மார்பு உயரத்தில் மரத்தின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. செம்மலை அதன்மேல் வெளிச்சத்தை நிறுத்தாமல் நகர்த்தினான்.

"வெள்ளிக் குடங்கள் எங்கே இருக்கும்?"

"அங்குட்டு, அந்த மூலையில."

"ஆச்சி எங்கே நின்றிருப்பார்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

செம்மலை கதவைத் தட்டினான். "முத்தப்பா, அடுப்படிக்குப் போய்க் கேள்."

போய் வந்த முத்தப்பனின் குரல் பலகைக்கு அப்பால் சன்னமாகக் கேட்டது. "கேக்குதுண்ணே."

"சரி, திற."

இரும்பு உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

"அண்ணே, வர மாட்டேங்குது. தாழு மாட்டிக்கிச்சு."

"என்னய்யா விளையாடுறே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விளையாட்டு இல்லீங்க ஐயா. துரு. எண்ணெய் எங்கே இருக்கு? அந்தம்மாவையும் பிடிச்சு உள்ள வச்சுட்டீக, யாரைப் போயி எண்ணெய் கேக்க? இருங்க, தேடிப் பாக்கிறேன்."

காலடி விலகியது.

"பேட்டரி தீர்ந்துவிடும்" என்று செம்மலை விளக்கை அணைத்தான்.

இருட்டு. கையை முகத்துக்கு முன் கொண்டுவந்தாலும் தெரியாத இருட்டு. முதலில் பித்தளை வாடை, அப்புறம் மூன்று பேரின் வியர்வை. இன்ஸ்பெக்டர் கதவை ஓங்கித் தட்டினார். சத்தம் அறைக்குள்ளேயே சுற்றிவந்தது. அவர் தட்டுவதை நிறுத்தியபோது மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"மூச்சு முட்டுதே" என்றார். "எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் அந்தக் கிழவி?"

வியர்வை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. செம்மலை துடைத்துக்கொள்ளவில்லை. காதை மட்டும் வைத்திருந்தான். இடது பக்கம் மூன்றடி தள்ளிக் குருநாதன். ஈர முடியைத் தலையை ஆட்டி உதறும் சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடி. அவிழ்ந்த முடி கழுத்திலும் கன்னத்திலும் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கிராப்புத் தலைக்காரனுக்குத் தெரியாது. முத்தப்பன் வழியில் சொல்லியிருந்தான்: ‘உசுரு போற நேரத்துலயும் கை மொதல்ல அங்கதாண்ணே போகும்.’

துண்டு சரியும் சத்தம் கேட்டது. துணி துணிமேல் வழுகிற சிறு ஒலி.

செம்மலை விளக்கைப் போட்டான்.

குருநாதனின் இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் இருந்தன. இரண்டு முழங்கையும் காதுக்கு மேலே நின்றன. வலது கை முடியைப் பற்றி உச்சிக்கு இழுத்திருந்தது, இடது கை சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தில் வலியின் சாயல் கொஞ்சமும் இல்லை. முடி கட்டுகிறவனின் முகம், வேறெதையோ யோசித்துக்கொண்டு.

வெளிச்சம் பட்டதும் கைகள் அப்படியே நின்றன. கீழே இறக்கினால் ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். இறக்காவிட்டால் தூக்கியிருப்பது தெரியும். அவர் அந்த இரண்டுக்கும் நடுவே நின்றார்.

"கட்டி முடிங்க, கணக்கப்பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர்.

குருநாதன் கையை இறக்கினார். "வலியோடதான் கட்டுனேங்க ஐயா. புழுக்கம் தாங்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு…"

"நீ என்னிடம் வலிக்குதுன்னு மட்டுமா சொன்னே? கையே எழும்பாதுன்னு கைநாட்டு இல்லாத குறையாச் சத்தியம் பண்ணினே. பிடிச்சுத் தூக்கினப்ப ஊரைக் கூட்டினே. இப்ப ஒரு முனகல் இல்லையே. நான் பக்கத்திலதானே நின்னேன்."

"எலும்பு…" என்றார் குருநாதன். "டாக்டரு படத்துல…"

"எலும்பு உங்களுக்காகப் பொய் சொல்லாது. உண்மையும் சொல்லாது" என்றான் செம்மலை. "அது அப்படி வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதோ கதவு. உள்ளே தாழின் உயரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தக் கையை அதுவரை கொண்டுபோங்கள்."

குருநாதன் சட்டத்தைப் பார்த்தார். கதவில் நிறம் மாறியிருந்த இடம் அதற்கு நேர் கீழே இருந்தது. அவர் அதைப் பார்த்தபிறகு வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாகணும்னு நெனைக்கலீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததால் குருநாதன் பேசினார்.

"குடம் ரெண்டு இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டாக. தேருக்கு வந்த சனமெல்லாம் திரும்பட்டும், நடுவளவுல நிறுத்திக் கேக்கிறேன்னாக. அவுக பேத்தி கல்யாணத்துக்கு மொய்யெழுத உக்காந்தவன் நான், அதே வளவுல. அவுகளை வாயை மூடச் சொல்ல எனக்கு வாய் வரல. கதவை மூடிட்டேன். கோபம் ஆறட்டும், திறந்து கால்ல விழுவோம்னுதான். தட்டிக்கிட்டே இருந்தாக. தட்டத் தட்டத் திறக்கப் பயமா இருந்துச்சு." கழுத்து முடியை ஒதுக்கினார். "நின்னதுக்கு அப்புறம் அதைவிடப் பயமா இருந்துச்சு."

செம்மலை கதவைத் தட்டினான். "முத்தப்பா."

தாழ் ஒரே திருகில் திறந்தது. வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. மூவரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

"எண்ணெய் கிடைச்சுதாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தேடவே இல்லீங்க. இங்கனதான் நின்னேன்." முத்தப்பன் கணக்கப்பிள்ளையின் பாதிக் குடுமியைப் பார்த்தான். "தப்பாக் கட்டியிருக்கீக, அண்ணே. இழுத்துச் சுத்தணும்."

*

அவர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது சிவகங்கை பஸ் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இரண்டு முறை ஹாரனை அமுக்கச் சொன்னான். போலீஸ்காரர் ஒருவர் போய், ஆள் வரவில்லை, போகலாம் என்றார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் கம்பிக் கதவைத் தாமே திறந்தார். மலையம்மாள் எழவில்லை.

"வாம்மா. போகலாம்."

"எங்குட்டு?"

"வீட்டுக்கு. உன் மகன் வெளியே நிற்கிறான்."

அவள் செம்மலையைப் பார்த்தாள். செம்மலை நடந்ததைச் சொன்னான், நாலைந்து வாக்கியத்தில். குருநாதன் எங்கே நின்றார், எதைக் கேட்டார் என்பதையும் சொன்னான். "அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

மலையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுததாகத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் குருநாதனை இரண்டு போலீஸ்காரர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தலை கவிழ்ந்திருந்தது. அவிழ்ந்த முடி முகத்தை மறைத்திருந்தது. விலங்கு போட்டிருந்ததால் அதை ஒதுக்க முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் கடக்க வேண்டிய இடம் குறுகல். அவள்தான் ஒதுங்கி வழிவிட்டாள்.

வெளியே இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்:

"உள்ள பானையில தண்ணி இல்லீங்க. மத்தியானமே தீந்துபோச்சு. அந்தாளு கேக்கட்டும்னு இருக்காதீக. ஊத்தி வைக்கச் சொல்லுங்க."